மேலதிகப் பாகங்களும் மீன் வியாபாரியின் முதுகும்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு இக்காட்சி பழக்கமானது. பின்னால் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஐஸ் போட்டு மீனை நிரப்பியதும் ஒவ்வொன்றாகப் புறப்படும். சில திருகோணமலை நகரத்துக்குள்ளேயே சுற்றும். சில கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மூதூர்ப் பக்கம் போகும். வேறு சில ஏ6 வீதியைப் பிடித்துக் கந்தளாய்க்கும், அதற்கும் அப்பால் ஹபரணை வழியிலுள்ள கிராமங்களுக்கும் போகும். கந்தளாய் ஏறத்தாழ 40 கிலோமீற்றர், ஹபரணை ஏறத்தாழ 85. மீனை விற்றுவிட்டு வீடு திரும்பும்போது, சிலர் ஒரே நாளில் 150 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருப்பார்கள்.

மேல்நாட்டுச் சஞ்சிகைகளில் 'டூரிங் மோட்டார் சைக்கிள்' என்றொரு வகை உண்டு. அகன்ற இருக்கை, முதுகைத் தாங்கும் சாய்வு, காற்றைத் தடுக்கும் கண்ணாடி, குளிருக்குச் சூடேறும் கைப்பிடி, பக்கங்களில் பூட்டுப் போட்ட பெட்டிகள் எல்லாம் அதில் இருக்கும். போதாதவற்றைக் கடையில் தனியாக வாங்கியும் பூட்டிக்கொள்வார்கள். நெடுந்தூரம் ஓடுபவன் களைத்துப்போனால் அது ஆபத்து என்பதே இத்தனைக்கும் அடிப்படை. விடுமுறைக்கு ஊர் பார்க்கப் போகிறவனின் இடுப்பைப் பற்றி உலகம் இவ்வளவு கரிசனையோடு சிந்தித்திருக்கிறது. அதே தூரத்தை வயிற்றுப்பாட்டுக்காக 100 சீசீ வண்டியில் ஓடுபவனின் இடுப்பைப் பற்றி எமது நாட்டில் யார் சிந்தித்தார்கள்?

அவன்தான் சிந்தித்தான். குஷன் கடைக்குப் போய் இருக்கையைப் பிரித்துப் புதிய ஸ்பொஞ் வைத்தான். வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் அடித்துப் பெட்டியை இறுக்கினான். பின் ஸ்பிரிங்கை மாற்றினான். ஹாண்டிலைச் சற்று உயர்த்தினான். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் இவற்றிற்குப் பெயர் மேலதிகப் பாகங்கள்.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தோடு, வாகனங்களில் பூட்டப்பட்ட மேலதிகப் பாகங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் ஆரம்பித்தனர். பஸ் உரிமையாளர்களும் முச்சக்கரவண்டிச் சாரதிகளும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அவர்களுக்குச் சங்கங்கள் இருந்தன, கால அவகாசமும் கிடைத்தது. மீன் பெட்டி கட்டியவனுக்காகப் பேச எந்தச் சங்கமும் வரவில்லை. சில மாதங்களின் பின் கந்தளாய் வீதியோரத் தேநீர்க் கடையொன்றில் ஒரு வியாபாரியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "எதைக் கழற்றணும் என்று எழுதித் தந்தால் கழற்றிவிடுவேன் ஐயா. ஒருத்தர் சரி என்கிறார், அடுத்த சந்தியில் மற்றவர் பிழை என்கிறார்" என்றார். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

மேலதிகப் பாகங்களை ஒழுங்குபடுத்தவே கூடாது என்பது எனது வாதமல்ல. எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்கு, வெட்டிய சைலன்சர், மறைத்த இலக்கத்தகடு ஆகியவை பிறருக்குத் தீங்கானவை. அவற்றைக் கழற்றட்டும், தண்டமும் விதிக்கட்டும். ஆனால் ஓட்டுபவனின் உடலைக் காக்கும் பொருளையும் பிறரைத் துன்புறுத்தும் பொருளையும் ஒரே சொல்லால் அழைத்து ஒரே கூடையில் போடுவது நிர்வாகமாகாது. வெறும் சோம்பல் அது.

அயல்நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி என்ன சொல்கிறது? பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கத் தாங்கி, சேலை சக்கரத்தில் சிக்காதவாறு பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு ஆகியவை கட்டாயம் என்கிறது. பின்னால் அமர்ந்து போகும் பெண்ணின் உடலையும் உடையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. வசதியும் பாதுகாப்பும் வேறு வேறு அல்ல என்பதை அந்த ஒரு விதியிலேயே காணலாம்.

எமது நாட்டிலோ மோட்டார் சைக்கிளில் வருபவன் முதலில் சந்தேக நபர், பிறகுதான் பயணி. யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளில் தலைக்கவசத்தைக் கழற்றி, வண்டியை உருட்டி, பெட்டியைத் திறந்து காட்டிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யுத்தம் முடிந்து ஆறு ஆண்டுகளின் பின்னரும், 2015இல், முழுமுகத் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் முனைந்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் தாடைகள் தப்பின.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இந்நாட்டு மக்கள் பழைய வண்டிகளையே ஒட்டியும் தைத்தும் ஓட்டினார்கள். புதிய வண்டிக்கு வழியில்லாதபடி செய்த அரசு, பழைய வண்டியில் வைத்த புதிய ஸ்பொஞ்சைக் குற்றமாகப் பார்ப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

அரசை மட்டும் சாடிவிட்டு நிறுத்தினால் நான் பாதி உண்மையையே எழுதியவனாவேன். எம்மவரிடமும் குறையுண்டு. இளைஞர்கள் சத்தத்திற்கும் வெளிச்சத்திற்கும் செலவிடும் பணத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் இருக்கைக்கும் பிரேக்குக்கும் செலவிடுவதில்லை. வியாபாரிகள் செய்யும் மாற்றங்களிலும் பிழைகள் உண்டு. மெத்தென்ற ஸ்பொஞ் கடையில் ஐந்து நிமிடம் சுகமாயிருக்கும். ஒரு மணி நேரத்தில் அது நசுங்கி, இடுப்பெலும்பு அடித்தகட்டில் முட்டும். சற்றே கடினமான ஸ்பொஞ்தான் நெடுந்தூரத்துக்கு உகந்தது. ஹாண்டிலை உயர்த்திவிட்டுக் கேபிளை நீளமாக்காமல் விட்டால், வண்டியைத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு இயந்திரத்தின் வேகம் தானாக ஏறும். பெட்டியைப் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளிக் கட்டினால் முன் சக்கரம் இலேசாகும். வண்டியை நிறுத்துவதில் முன் பிரேக்குக்கே பெரும்பங்கு என்பதை நினைத்தால் அதன் பொருள் புரியும். பெரிய முன்கண்ணாடி பூட்டியவன், கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும் நாளில் கிண்ணியாப் பாலத்தின் மேல் போய்ப் பார்க்கட்டும். வண்டி யார் சொல்லைக் கேட்கிறதென்று தெரிந்துவிடும்.

பலருக்குச் செலவே இல்லாத மருந்தும் உண்டு. ரயரில் சுமைக்கேற்ற காற்று வைத்தல், பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சுமைக்கேற்ப மாற்றுதல், பாரத்தைத் தாழ்வாகவும் முன்தள்ளியும் கட்டுதல். பல வண்டிகளில் ஸ்பிரிங்கை இறுக்கும் வசதி தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. அதை ஒருமுறையேனும் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

இவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது யார்? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. எவை தடை, எவை அனுமதி, எவற்றை எந்த அளவில் பூட்டலாம் என்று படங்களோடு ஒரு பட்டியலை மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். மீன் பெட்டிக்கு அகலம், உயரம், எடை என்று அளவு குறிக்க வேண்டும். அதைக் கொட்பேயிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். அதன் பின்னரும் மீறுபவனைத் தண்டியுங்கள், எவரும் ஆட்சேபிக்கப் போவதில்லை.

மரத்துப்போன கையால் பிரேக்கைச் சரியான நேரத்தில் பிடிக்க முடியாது. முதுகுவலியோடு நாலு மணிக்கு எழுந்து போனவன், திரும்பி வரும் வழியில் ஒரு மாட்டையோ ஒரு சிறுபிள்ளையையோ காண ஒரு கணம் தாமதிப்பான். விபத்து நடந்த பிறகு அறிக்கையில் எழுதப்படுவது 'சாரதியின் கவனயீனம்' என்ற இரண்டு சொற்கள்தான். அவன் எதன் மேல் அமர்ந்து, எவ்வளவு தூரம் ஓடினான் என்று அந்த அறிக்கையில் கேட்பதற்கு ஓர் இடம்கூட இல்லை. அந்த இடத்தை உண்டாக்கிவிட்டு, அதன் பிறகு அவனது ஸ்பொஞ்சைக் கழற்ற வாருங்கள்.