உதட்டில் பூசுவது யாருடைய விளைச்சல்?

நம்ம கூட்டங்களில் அழகுப் பொருட்கள் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். "அதெல்லாம் நகரத்துப் பொம்பளைங்க சமாச்சாரம், நமக்கு மண்ணும் விதையும் போதும்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உதட்டுத் தைலமும் வாசனைத் திரவியமும் எனக்குப் பிடிக்கும். களை எடுக்கப் போகும்போதும் முந்தானையில் ஒரு சின்ன டப்பா முடிந்திருப்பேன். வயக்காட்டு வெயிலிலும் பனிக்காற்றிலும் உதடு வெடிப்பது நகரத்துக்காரர்களைவிட நமக்குத்தான் அதிகம். உதட்டுத் தோல் மெல்லிசு. அதில் வியர்வைச் சுரப்பி கிடையாது, மற்ற இடத்துத் தோலைப்போல எண்ணெய் சுரந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை. வெடித்த உதட்டை நாக்கால் நனைக்க நனைக்க இன்னும் காயும். ஆக, இது அலங்காரச் செலவு மட்டும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த டப்பாக்களிலும் குப்பிகளிலும் இருக்கிற பொருட்களில் பாதி நம்ம நிலத்தில் விளைகிறவை. தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், ஆமணக்கு, மல்லி, சம்பங்கி, வெட்டிவேர், மரிக்கொழுந்து. விளைவிக்கிறவர் அதைப் பற்றிப் பேச வெட்கப்பட்டால், பேச வேண்டியதை விளம்பரக்காரர் பேசிவிடுவார். பேசிக்கொண்டும் இருக்கிறார்.

கடந்த ஒரு வருசமாக வாங்கியும், வாங்கியவர்களிடம் கடன் கேட்டும், நானே காய்ச்சியும் ஏழெட்டு உதட்டுத் தைலங்களைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் மலிவான ரகத்தின் அடிப்படை பெட்ரோலியம் ஜெல்லி. 1872-இல் ராபர்ட் செஸ்பரோ என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய அதே சரக்குதான், கச்சா எண்ணெய்க் கிணற்றில் ஒட்டிக் கிடந்த பிசுக்கைச் சுத்தம் செய்து எடுத்தது. அது வேலை செய்யாது என்று சொன்னால் பொய். ஈரத்தை வெளியே விடாமல் நன்றாகவே மூடி வைக்கிறது. என் கேள்வி அதன்மேல் ஏற்றுகிற வாசனை பற்றியது. டப்பாவில் செக்கச்செவேலென்று ஸ்ட்ராபெர்ரி படம் இருக்கும். பின்னால் திருப்பிப் பொருள் பட்டியலைப் படித்தால் ஸ்ட்ராபெர்ரி எங்குமே இருக்காது. 'ஃபிராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃபம்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் பத்துப் பொருளும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். வியாபார ரகசியம் என்று சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருட்கள் 26-ஐக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 2023-இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கு மேல் நீட்டிவிட்டார்கள்.

வாழைப்பழ வாசனைத் தைலம் ஒன்றும் வாங்கினேன். வாசனை அருமைதான். ஆனால் தேனீப் பெட்டி வைத்திருக்கிறவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். செயற்கை வாழைப்பழ வாசனைக்குச் சேர்க்கிற ஐசோஅமைல் அசிட்டேட் என்கிற பொருளைத்தான், தேனீ கொட்டும்போது "எல்லாரும் வாங்க" என்று கூட்டுக்குச் சொல்ல வெளியிடுகிறது. பெட்டியைத் திறக்கிற அன்றைக்கு எந்த வாசனையும் பூசாமல் இருப்பதே நல்லது.

இது வரைக்கும் படித்துவிட்டு "பார்த்தீங்களா, கம்பெனிக்காரன் ஏமாத்துறான்" என்று தலையாட்டுகிற நண்பர்களுக்கு அடுத்த பகுதி அவ்வளவு இனிக்காது. நம்ம இயற்கைச் சந்தைகளில் விற்கிற தைலங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு இயற்கை அங்காடியில் வாங்கிய சின்னப் பித்தளை டப்பாவில் 'நூறு சதம் இயற்கை, ரசாயனம் இல்லை' என்று எழுதியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை, செய்த தேதியும் இல்லை. போட்ட அஞ்சு நிமிசத்தில் உதடு சுருசுருவென்று எரிந்தது, மறுநாள் ஓரமெல்லாம் தடித்துவிட்டது. மோந்து பார்த்தால் பட்டை எண்ணெய். பட்டை மரத்தில் விளைந்ததுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதிலிருக்கிற சின்னமால்டிஹைடு, அந்த ஐரோப்பியப் பட்டியலில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிற பொருள். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுக்கும். புதினா உப்பும் சூடமும் குளுகுளுவென்று இருக்கும், வெடித்த உதட்டை இன்னும் உறுத்தும். எருக்கம்பால்கூட இயற்கைதான், யாரும் கண்ணில் விட்டுக்கொள்வதில்லை.

இயற்கை என்ற சொல்லை நாம் முப்பது நாற்பது வருசமாகப் பாடுபட்டு ஒரு மரியாதைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அதை விலாசம் இல்லாத டப்பாவில் ஒட்டி விற்க விடலாமா? சாப்பாட்டுப் பொருளுக்காவது ஜைவிக் பாரத் முத்திரை, பங்கேற்புச் சான்று என்று ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த முத்திரை உணவுக்கு மட்டும்தான், உதட்டுத் தைலத்துக்குச் செல்லாது. அழகுப் பொருள் செய்து விற்க 1940-ஆம் வருச மருந்து மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்க வேண்டும். அதற்கென்றே 2020-இல் தனி விதிகளும் வந்துவிட்டன. சுய உதவிக் குழுவில் நாலு பெண்கள் சேர்ந்து காய்ச்சினாலும், விலைக்கு விற்றால் இது பொருந்தும். இந்தச் சட்டம் சிறு உற்பத்தியாளரை நசுக்குகிறது, எளிய வழி வேண்டும் என்று கேட்டால் நானும் கூட வந்து நிற்பேன். ஆனால் பொருள் பட்டியல் எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் போதும். சந்தை நடத்துகிற நண்பர்கள், பட்டியல் இல்லாத தைலத்துக்கு மேசை கொடுக்க மாட்டோம் என்று அடுத்த மாதத்திலிருந்தே சொல்லலாம்.

சரி, எதைத்தான் பூசுவது என்று கேட்பீர்கள். எடையில் ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு எண்ணெய். மெழுகைத் துண்டாக்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்க வேண்டும், நேரடித் தீ கூடாது. மெழுகு 62, 63 டிகிரியில் உருகிவிடும். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டால் நம்ம ஊர் வெயிலுக்குக் குழைந்துவிடும், அது 25 டிகிரியிலேயே இளகுகிற சாதி. பாதித் தேங்காய் எண்ணெய், பாதி விளக்கெண்ணெய் போட்டால் உதட்டில் நின்று பிடிக்கும். பெரும்பாலான உதட்டுச் சாயங்களில் விளக்கெண்ணெய் முக்கியச் சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. வரப்பில் ஊடுபயிராக நாலு ஆமணக்கு நிற்கிற வீட்டில் இதற்காகத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். சித்திரை வைகாசியில் மெழுகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வாசனை? தேன்மெழுகுக்கே லேசாகத் தேன் மணம் உண்டு. அதுக்கு மேல எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. உதட்டில் பூசுவது வயிற்றுக்கும் போகும்.

வாசனை வேண்டும் என்றால் மணிக்கட்டில், காதோரத்தில் போட்டுக்கொள்ளலாம். அங்கேதான் நம்ம மல்லி வருகிறது.

உலகத்தின் பெரிய வாசனைத் திரவிய வீடுகள் தமிழ்நாட்டு மல்லியையும் சம்பங்கியையும் வாங்குகின்றன. மல்லியை வெட்டிவேர் மாதிரி ஆவியில் வடிக்க முடியாது, சூடு பட்டால் மணம் கெட்டுவிடும். அதனால் மொட்டாக வாங்கி, ஆலைத் தரையில் பரப்பி, ராத்திரி அது மலர்ந்து மணக்கிற நேரம் பார்த்து, ஹெக்சேன் என்கிற கரைப்பானில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். முதலில் மெழுகு மாதிரி ஒன்று கிடைக்கும். அதை ஆல்கஹாலில் கழுவினால் சுத்த வாசனை. ஒரு கிலோ சுத்த வாசனைக்கு எழுநூறு முதல் ஆயிரம் கிலோ பூ. ரீபைண்டு எண்ணெய் வேண்டாம், அதில் ஹெக்சேன் போடுகிறான் என்று மேடை போட்டுப் பேசுகிறோமே, அதே ஹெக்சேன்தான் இதுவும். 'இயற்கை மல்லி அத்தர்' என்று யாராவது நீட்டினால், எப்படி எடுத்தது என்று கேளுங்கள். பல சமயம் அது பூவே பார்க்காத பென்சைல் அசிட்டேட்டாக இருக்கும். மல்லி வாசனையில் இயல்பாகவே அது உண்டு, ஆலையிலும் மலிவாகச் செய்யலாம். அது மட்டும் இருந்தால் வாசனை தட்டையாக இருக்கும். உண்மையான மல்லியில் இண்டோல் என்று ஒன்று சேர்ந்திருக்கிறது, தனியாக மோந்தால் நாற்றம். அது இருந்தால்தான் பூவுக்கு உயிர். நம்ம மூக்குக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும், சின்ன வயதிலிருந்து தலையில் வைத்த பூ ஆயிற்றே.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழி, தையில் வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களில் போகும். கோடையில் வரத்து பொங்கும்போது நூறுக்கும் இருநூறுக்கும் இறங்கிவிடும். அந்த நேரத்தில் வாசனை ஆலை வாங்குவது ஒரு ஆறுதல்தான், ஆனால் விலை நம் கையில் இல்லை. இதற்கு நடுவில் மொட்டுப்புழு. அதற்குப் பயந்து வாரம் ஒரு மருந்து அடிக்கிற தோட்டங்களை நான் பார்க்கிறேன். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அந்தச் செடிக்குள் வெறுங்கையோடு நுழைந்து மொட்டெடுப்பது பெரும்பாலும் பெண்கள். பூ உணவில்லை என்பதால் அதில் எச்சம் எவ்வளவு என்று கேட்பாரில்லை. தலையில் வைக்கிறோம், முகத்துக்கு ஒரு சாண் தள்ளி மூச்சில் இழுக்கிறோம், குழந்தை பிடுங்கி வாயில் வைக்கிறது. கரைப்பானில் எடுக்கும்போது எண்ணெயில் கரைகிற நஞ்சுகளும் வாசனையோடு சேர்ந்தே வரும். வாங்குகிற வெளிநாட்டுக்காரர் அதைச் சோதித்துத் திருப்பி அனுப்ப முடியும். பறிக்கிற பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. நெல்லுக்கும் காய்க்கும் பேசிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட நாம் பூவுக்குப் பேசவில்லை. வேப்பங்கொட்டைக் கரைசலும், விளக்குப்பொறியும், காலத்தில் கவாத்தும் மல்லிக்கும் பொருந்தும் என்பதைச் செய்து காட்டுகிற தோட்டங்கள் இன்னும் நிறைய வேண்டும்.

கோடையில் விலை விழும்போது பூவை என்ன செய்வது என்பதற்கு வடநாட்டில் ஒரு பழைய வழி இருக்கிறது. எள்ளைப் பரப்பி, மேலே பூவைப் பரப்பி, மறுபடி எள், மறுபடி பூ. மறுநாள் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ. பல நாள் இப்படிச் செய்தபின் எள்ளை ஆட்டினால் எண்ணெய் பூ மணத்தோடு வரும். அங்கே சமேலி எண்ணெய் இப்படித்தான் செய்தார்கள். கரைப்பானும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். மரச்செக்கு நம் ஊர்களில் திரும்ப வந்துவிட்டதே, இதை ஏன் யாரும் கையில் எடுக்கவில்லை என்று தெரியவில்லை. நான் இரண்டு கோடையாகச் செய்கிறேன். தோல் நீக்கிய வெள்ளை எள்தான் இதற்குச் சரி, கறுப்பெள்ளின் சொந்த மணம் பூவை அமுக்கிவிடும். பூவின் ஈரத்தால் எள் பூசணம் பிடிக்கும், ஒவ்வொரு நாளும் பூவை மாற்றும்போது எள்ளை நிழலில் உலர்த்தியாக வேண்டும். வாசனை ஆலைச் சரக்கு மாதிரி தூக்கலாக இருக்காது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். எனக்கு அது போதும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாலு ஏக்கரில் வாசனைப் பயிர் போடக் கிளம்ப வேண்டாம். வெனிலாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2000-இல் மடகாஸ்கரில் புயல் அடித்தது, விலை ஏறியது. 2003-இல் பதப்படுத்திய வெனிலா உலகச் சந்தையில் கிலோ 500 டாலர் வரை போனது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்திலும் கொடி வாங்கி நட்டார்கள். ஒவ்வொரு பூவுக்கும் விடியற்காலையில் குச்சி வைத்துக் கையால் மகரந்தம் சேர்த்தார்கள். காய் பிடித்து விற்பதற்குள் 2005-இல் விலை 50 டாலருக்கும் கீழே விழுந்துவிட்டது. விலை ஏறியபோதே ஐஸ்கிரீம் கம்பெனிகள் செயற்கை வெனிலினுக்கு மாறிவிட்டன. அன்றைக்குக் கொடி விற்றவர் மட்டும் சம்பாதித்தார். இன்றைக்கு ஜெரேனியம், பச்சோலி, ரோஸ்மேரி என்று கன்று விற்க வருகிறவர்களும் அதே கணக்கைத்தான் காட்டுகிறார்கள். வடிகலன் எங்கே இருக்கிறது, எண்ணெயை யார் வாங்குவார், எழுத்தில் தருவாரா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மரிக்கொழுந்து பற்றித் தனியாகவே எழுதலாம். கதம்பத்தில் ஓரமாக வைத்துக் கட்டுகிற அந்தக் கொழுந்தின் எண்ணெய் 'தவனம்' என்ற பெயரில் வெளிநாட்டுக் குப்பிகளுக்குப் போகிறது. போடுகிறவர் தோலுக்குத் தக்கபடி ஒவ்வொருவரிடம் ஒவ்வொரு மாதிரி மணக்கும் என்பது அதற்கு இருக்கிற பேர். எங்கள் வீட்டில் மூன்று பேர் கொழுந்தை மணிக்கட்டில் கசக்கிப் பார்த்தோம். என் நாத்தனார் கையில் பழ வாசனை, என் கையில் பச்சிலை, மாமியார் கையில் கோயில் பிரசாதம் மாதிரி. அவங்களுக்கு அன்னைக்கு முழுக்க ஒரே சந்தோசம்.