எத்தனை எச்.பி. என்று கேட்டால் போதுமா?

ஐப்பசி பிறந்தால் போதும். சென்னை மோட்டார் கடைகளில் கூட்டம் கூடிவிடும்.

"பேஸ்மெண்டில தண்ணி நிக்குது. 1 எச்.பி. மோட்டார் என்ன விலை?"

கேள்வி இவ்வளவுதான். வாங்குகிறவரும் மேற்கொண்டு கேட்பதில்லை; விற்கிறவரும் சொல்வதில்லை. அடைமழையில் மோட்டார் காலை வாரும்போதுதான் விஷயம் தெரிகிறது!

கணக்கு சின்னது. ஒரு கிரவுண்டு இடத்தில் மணிக்கு 5 சென்டிமீட்டர் மழை கொட்டினால், விழுகிற தண்ணீர் 11 ஆயிரம் லிட்டர். ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர்! அது முழுக்கச் சரிவுப் பாதை வழியாகக் கீழே இறங்கினால், நிமிஷத்துக்கு 185 லிட்டர் வெளியே போயாக வேண்டும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது இதுதான்: "குழியின் அடியிலிருந்து வெளிக்குழாயின் வாய்வரை 20 அடி உயரம். அந்த உயரத்துக்கு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்?" எச்.பி. ஒன்றாக இருந்தாலும் இந்தக் கணக்கு மோட்டாருக்கு மோட்டார் மாறும்.

எது உதவும்?

போர்வெல் மோட்டார் தெளிந்த தண்ணீருக்கானது. சேறும் மணலும் பட்டால் கெட்டுப் போகும். தரையில் வைக்கிற மோனோபிளாக் மோட்டாரோ, தண்ணீர் ஏறினால் தானே மூழ்கிவிடும்!

சேற்றுத் தண்ணீரை இறைக்கவென்றே தனியாக சப்மெர்சிபிள் பம்பு இருக்கிறது. பேஸ்மெண்டின் தாழ்ந்த மூலையில் குழி வெட்டி அதை இறக்க வேண்டும். மிதவை சுவிட்ச் இருந்தால், ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் ஏறினாலும் தானாக ஓடும். வெளியே தள்ளிய தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வராமல் வால்வும் வேண்டும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் டிரிப் சுவிட்ச் கட்டாயம்.

கரண்ட் போனால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல இடங்களில் கரண்ட் இல்லை. மழை கொட்டும் நேரத்தில் கரண்ட் இருக்காது என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்ய வேண்டும். ஜெனரேட்டர் மேலே, திறந்த வெளியில் இருக்கட்டும். டீசல் எஞ்சினை பேஸ்மெண்டுக்குள் ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொல்லும்.

ஒன்றை மறக்கக் கூடாது. எந்த மோட்டாரும் தெருவெள்ளத்தை ஜெயிக்காது. 2024 ஜூலை 27-ந்தேதி டெல்லி பழைய ராஜிந்தர் நகரில், ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தின் பேஸ்மெண்ட் நூலகத்தில் வெள்ளம் புகுந்தது. மாணவ, மாணவிகள் 3 பேர் பலியானார்கள். தெருத்தண்ணீரை வாசலிலேயே தடுக்க வேண்டும். சரிவுப் பாதையின் தலைப்பில் மேடு கட்டாமல், கீழே மோட்டார் வைத்துப் புண்ணியமில்லை.

குடியிருப்புச் சங்கச் செயலாளர்களும் கடை முதலாளிகளும் மழைக்கு முன்பே குழியில் தண்ணீர் ஊற்றி மோட்டாரை ஓட்டிப் பார்க்கட்டும். இத்தனைக்குப் பிறகும் தண்ணீர் புகுந்துவிட்டால், காரை எடுக்கிறேன், ஸ்கூட்டரை எடுக்கிறேன் என்று யாரையும் கீழே இறங்க விடக் கூடாது. போன வண்டியை வாங்கிக் கொள்ளலாம். போன உயிரை எந்தக் கடையில் வாங்குவது?