தொம்ளூர் கோயிலும் ரெண்டு நிலைக்காலும்

பொட்டி தட்ட பெங்களூர் வந்து பதினோரு வருஷம் ஆச்சுங்க. லாங் வீக்கெண்ட் வந்தா ஓசூர் ரோடு நெரிசல்ல நின்னு தஞ்சாவூர், தாராசுரம்னு ஓடுற கூட்டத்துல நானும் ஒருத்தன். ஆபீஸ்ல இருந்து நடக்கிற தூரத்துல இருக்கிற தொம்ளூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போனது போன மாசம்தான். அதுவும் ஊர்ல இருந்து வந்த அப்பா கேட்டதால.

அப்பா மதுரைக்காரர். சொக்கநாதர்னதும் மீனாட்சி சன்னதியைத் தேட ஆரம்பிச்சுட்டார். உள்ள போய்ப் பார்த்தா பெருமாள்! சொக்கப்பெருமாளாம். அசடு வழிஞ்சுகிட்டே திரும்பினவர் கல்லைத் தடவிப் பார்த்து, "டேய், இது தமிழ்டா"ன்னார்.

தமிழேதான். 1270ஆம் வருஷம் அழகியார்னு ஒருத்தர் ரெண்டு நிலைக்கால் செஞ்சு கொடுத்ததைச் சொல்ற கல்வெட்டு இங்க இருக்கு. தொம்ளூருக்கு அப்போ தொம்பலூர்னு பேர். லூயிஸ் ரைஸ்ங்கிற வெள்ளைக்காரர் 1905லயே இதையெல்லாம் படியெடுத்து புத்தகமா போட்டுட்டார். மடிவாளா சோமேஸ்வரர் கோயில்ல 1247ஆம் வருஷத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர் பெரிய ஏரிக்குக் கீழ இருக்கிற நிலத்தைத் தானம் கொடுத்ததைச் சொல்லுது. இன்னொண்ணுல தாமரைக்கீரைன்னு வருதே, அது நான் தினமும் பஸ் பிடிக்கிற தாவரெகெரெ!

இதை ஆபீஸ்ல சொன்னா, நம்ம பசங்க உடனே "அப்போ பெங்களூரே நம்மளுதுதான் மச்சி"ன்னு குதிக்கிறாங்க. எனக்குப் பத்திகிட்டு வருது. பெங்களூருங்கிற பேரு முதல்ல கிடைக்கிறது பேகூர் நாகநாதேஸ்வரர் கோயில்ல இருக்கிற நடுகல்லுல. கி.பி. 890 வாக்குல வெட்டினது, பழைய கன்னடம். அந்தச் சண்டையில செத்த ஒருத்தனுக்காக நட்ட கல்லு. தொம்ளூர்ல தமிழ்ல தானம் எழுதி வெச்ச வீர ராமநாதன் யாரு? ஹொய்சள ராஜா. அவர் உக்காந்து ஆண்டது திருச்சி பக்கம் கண்ணனூர்ல. இதுல பட்டா யார் பேருக்கு எழுதுவீங்க?

பட்டா கேட்கிறவன் எவனும் கல்லைப் பார்க்க வர்றதில்லைங்கிறதுதான் என் கடுப்பு. ஒரு கோயில்ல (பேர் வேணாம்) கல்வெட்டு மேல பளபளன்னு பச்சை எனாமல் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் நகத்தால சுரண்டிப் பார்த்தோம், ஒரு எழுத்துகூடத் தெரியலை. சுரண்டினதும் தப்புதான், கல்லு போயிடும்னு பின்னாடிதான் உறைச்சது. இந்த ஊர் மிதிக் சொசைட்டிக்காரங்க 2021ல இருந்து பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துகிட்டு இருக்காங்க, கன்னடம் தமிழ்னு பார்க்காம. நான் இத்தனை வருஷத்துல செஞ்சது? தஞ்சாவூர்ல போட்டோ எடுத்துகிட்டது.

அப்பா ஊருக்குப் போயாச்சு. நேத்து போன்ல, "பேகூர் போனியா?"ன்னார். இன்னும் இல்லைப்பான்னேன். ஞாயித்துக்கிழமை காலையில, வெயிலுக்கு முன்னாடி கிளம்பணும். கோலமாவு மாதிரி எதையாவது கல்லு மேல தேய்ச்சுப் படிக்காதேன்னு வேற சொல்லியிருக்கார் :-)