ஊர்ப் படத்தில் இடம்பெறாதவை

கரிசல் சீமையில் எந்த ஊரின் வருவாய்ப் படத்தை விரித்துப் பார்த்தாலும் கண்மாய், ஓடை, வண்டிப்பாதை, நத்தம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கக் காணலாம். குடியிருப்பு நிலத்திற்கு நத்தம் என்பது பழம் பெயர். சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் அச்சொல்லைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது. ஆயினும் அந்த நத்தத்தில் வாழ்வோர் என்ன பாடுகிறார்கள், எந்த விதையை எவ்வாறு காத்து வைக்கிறார்கள் என்பதைக் குறிக்க அப்படத்தில் ஒரு புள்ளியும் இல்லை.

இக்குறையை நீக்க இப்போது ஒரு முயற்சி நடைபெற்று வருவதை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம். மத்திய அரசாங்கத்தின் கலாசார அமைச்சு, இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் வாயிலாக, 'மேரா காவ்ன் மேரி தரோஹர்', அதாவது 'என் ஊர், என் மரபுச் செல்வம்' என்னும் இணையத் தளத்தை 2023 ஜூலையில் தொடங்கிற்று. நாட்டிலுள்ள சுமார் ஆறரை லட்சம் கிராமங்களையும் மின்னணுப் படத்தில் குறித்து, ஒவ்வொன்றின் கலை, கைத்தொழில், திருவிழா, உணவு, உடை, வழிவழிக் கதை ஆகியவற்றைச் சேர்ப்பதே நோக்கம். கட்புலனாகாத மரபுச் செல்வத்தைக் காப்பதற்கென யுனெஸ்கோ 2003இல் ஓர் உடன்படிக்கை வகுத்தது. 2005இல் இந்தியாவும் அதனை ஏற்றது.

முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால் படத்தை யார் நிரப்புவது என்பதில்தான் என் கவலை. வெளியூரிலிருந்து வருபவர் விஸ்வநத்தத்திற்கு எதிரே ஒரே சொல்லை எழுதுவார்: பட்டாசு. அது பொய்யன்று. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து இவ்வட்டாரத்தின் வரலாறு வேறாயிற்று. ஆயின் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மறைந்துவிடுகின்றன! சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிய பெண்களின் விரல் வேகம் யந்திரம் வந்தபின் யாருக்கும் வேண்டாததாகி வருகிறது. அவ்விரல்களுக்கு உரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதினவர் யார்?

முன்னும் இத்தகைய பணி நடந்ததுண்டு. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிச் சென்னை ராஜ்யத்தின் திருவிழாக்களையும் சந்தைகளையும் பற்றிப் பெரும் தொகுதி வெளியாயிற்று. சில கிராமங்களைப் பற்றித் தனி நூல்களும் வந்தன. உழைப்பு மிகுந்தவை. எனினும் ஆங்கிலத்தில் அச்சாகி நூலகங்களில் அமர்ந்தன. விஷயம் சொன்ன ஊரார் கையில் அவை கிடைக்க வழியில்லை. இதற்கு மாறாக, இடைசெவல் கி. ராஜநாராயணன் நண்பர்கள் துணையுடன் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி, சம்சாரிகளின் சொல்லைச் சம்சாரி ஒருவரே எழுதியதால் இன்றும் உயிரோடு இருக்கிறது.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றபோது, மூத்த அங்கத்தினர் ஒருவரின் வீட்டில் குழித்தறி அருகே அமர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மேகமூட்டமான நாளில் பாவுக்குக் கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். பெரியவர் தயங்கினார். உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, "அவுகளுக்கு அது தெரியாதுங்கய்யா, கஞ்சி காய்ச்சுறது நான்தானே" என்று சொல்லி, நூலை இரு விரலிடையே உருட்டிப் பதம் பார்ப்பதை விளக்கினார். அன்று மாலை என் குறிப்பேட்டில் பெரியவரின் பெயரையும் அங்கத்தினர் எண்ணையும் எழுதினேன். அந்த அம்மையாரின் பெயரைக் கேட்கவே இல்லை! பேரேட்டில் அவருக்குப் பத்தி இல்லை. பத்தி இல்லாத காரணத்தால் எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை. நமது சங்கப் பதிவேடே இப்படியிருக்க, டில்லியில் அச்சடித்த படிவத்தைக் குறைகூற நமக்கு என்ன நியாயம்?

இன்னொரு விஷயம். எல்லாவற்றையும் படத்தில் ஏற்றிவிடுவதும் முறையன்று. முளைப்பாரியை எடுத்துக்கொள்வோம். வெயில் படாத அறையில் பெண்கள் விதைகளை முளைக்கவிட்டு, மாலைதோறும் கும்மியடித்துப் பாடுவார்கள். விதையின் வீரியத்தை அறிய முன்னோர் கண்ட வழி இது என்று கூறுவோர் உண்டு. அந்த அறைக்குள் ஆடவர் நுழையலாகாது என்பது பல ஊர்களில் வழக்கம். கைப்பேசியை நீட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படம்பிடிப்பது மரபைக் காப்பதாகாது. மேற்சொன்ன யுனெஸ்கோ உடன்படிக்கையே, எதை யார் காணலாம் என்னும் ஊர் வழக்கத்தை மதிக்க வேண்டுமெனக் கூறுகிறது. பாடலின் பெயர், பாடும் மாதம், பாடத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பவற்றை அவர்கள் சம்மதத்துடன் குறித்தால் போதும்.

இதில் நமக்கென்ன பிரயோஜனம் என்று கேட்கும் அங்கத்தினர்களும் இருப்பார்கள். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்போர், அப்பொருள் அவ்வூரில் தோன்றி வளர்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். நமது ஜில்லாவின் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் அக்குறியீட்டைப் பெற்றது. கரை வேலைப்பாடு ஒன்றைப் பிறர் தமதென்று விற்கும்போது, "எங்கள் பாட்டன் நெய்தது" என்று வாயால் சொல்வது சான்றாகாது. தேதியும் இடமும் குறித்த ஒலிப்பதிவும் கையெழுத்தும் இருந்தால் பேச்சே வேறு. விவசாயிகளுக்கும் இது பொருந்தும். கருங்கண்ணிப் பருத்தி விதையைக் குலுக்கையில் வைத்துக் காத்த முறை தெரிந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

செலவு பெரிதன்று. இக்காலக் கைப்பேசி எதுவும் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்டும்; குரலையும் பதிவு செய்யும். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் பொதுப் படத்தில் யாரும் தம் ஊரின் களத்தையும் பாவடித் தெருவையும் இலவசமாகக் குறிக்கலாம். ஆனால் மூலப் பதிவு சங்கத்திடமே இருக்க வேண்டும். பிரதிதான் வெளியே போக வேண்டும். சொன்னவர் வேண்டாமென்றால் அதனை நீக்கவும் வழி வேண்டும்.

வருகிற மகாசபையில் இதற்கென ஒரு தீர்மானம் கொண்டுவரும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதப் படிக்கத் தெரிந்த இருவரை நியமித்தால் போதும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பெயரெழுதும் பத்தியில் அங்கத்தினர் எண் கேட்க வேண்டியதில்லை. அடுத்த முறை அந்தச் சங்கத்திற்குப் போகும்போது, கஞ்சியின் பதம் சொன்ன அம்மையாரின் பெயரை நானே கேட்டு எழுதி வருவேன்.