‘சர்வர் டவுன்’ என்றால் உண்மையில் எது விழுகிறது? திருச்சி நாவல்பட்டு மையத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

“சர்வர் டவுன், மத்தியானம் வாங்க.” வருமானச் சான்றுக்கோ பட்டா மாறுதலுக்கோ இ-சேவை மையத்துக்கு நடந்த ஸ்ரீரங்கத்துக்காரர் யாருக்கும் இந்த வாக்கியம் புதிதல்ல. ஆனால் காய்ச்சல் என்று சொல்வது போலத்தான் இதுவும். அறிகுறியைச் சொல்கிறது, நோயைச் சொல்வதில்லை. அந்த மையத்தின் இன்டர்நெட் இணைப்பு போயிருக்கலாம். துறையின் மென்பொருளே திணறியிருக்கலாம். ஒரே ஒரு சர்வர், அதாவது ஒரு இரும்புப் பெட்டி, பழுதானதால் மட்டும் சேவை நிற்பது, ஒழுங்காக நடத்தப்படும் பெரிய தரவு மையங்களில் இன்று அபூர்வம்.

அங்கேயும் சர்வர்கள் பழுதாகிக்கொண்டுதான் இருக்கின்றன. வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். பல சர்வர்கள் சேர்ந்து நம்பியிருக்கும் ஏதோ ஒன்று விழும்போதுதான் தெரியவருகிறது. தமிழக அரசின் சென்னை தரவு மையத்துக்கான பேரிடர் மீட்பு மையம் திருச்சியை அடுத்த நாவல்பட்டில், எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் இருக்கிறது. அதனால் இது சென்னைக்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமில்லை.

ஒரே பெட்டியில் பல கம்ப்யூட்டர்

முன்பெல்லாம் ஒரு வேலைக்கு ஒரு சர்வர் வாங்குவார்கள். அது வருஷம் முழுக்கச் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாள் மாதிரி ஏதோ ஒரு நாளில் மட்டும் மூச்சுத் திணறும். இந்த விரயத்துக்கான தீர்வுதான் விர்ச்சுவலைசேஷன், தமிழில் மெய்நிகராக்கம். ‘ஹைப்பர்வைசர்’ என்ற மென்பொருளை சர்வரில் ஏற்றினால், அது பிராசஸரையும் மெமரியையும் பங்கு போட்டுப் பல மெய்நிகர் கணினிகளுக்குக் கொடுக்கும். ஒவ்வொன்றும் தான்தான் முழு சர்வர் என்ற நினைப்பில் ஓடும். யோசனை பழையது. ஐபிஎம் தன் மெயின்பிரேம்களில் இதை 1972-லேயே விற்றது. சாதாரண சர்வர்களில் இதைப் பரவலாக்கியது 1998-ல் தொடங்கப்பட்ட விஎம்வேர்.

மெய்நிகர் கணினியின் ஹார்டு டிஸ்க் என்பது பெரும்பாலும் ஒரு பெரிய ஃபைல்தான். அதை அந்தந்த சர்வரின் சொந்த டிஸ்க்கில் வைத்தால், சர்வர் போகும்போது அதுவும் கையை விட்டுப் போகும். அதனால் எல்லா ஃபைல்களையும் பொதுவான ஒரு பெரிய சேமிப்பகத்தில் வைத்து, எல்லா சர்வர்களையும் வேகமான நெட்வொர்க் வழியாக அதோடு இணைக்கிறார்கள். தரவு மைய ஊழியர்கள் ‘சான்’ என்று சொல்வது இந்தச் சேமிப்பக நெட்வொர்க்கை.

இதனால் கிடைக்கும் வசதி உண்மையிலேயே ஆச்சரியமானது. ஒரு சர்வருக்கு மெமரி மாற்ற வேண்டுமா? அதில் ஓடும் மெய்நிகர் கணினிகளை நிறுத்தாமலேயே பக்கத்து சர்வருக்கு நகர்த்தலாம். டிஸ்க் பொதுவில் இருப்பதால் மெமரியில் உள்ளதை மட்டும் நகலெடுத்தால் போதும். நகலெடுக்கும்போதே மாறியவற்றை மறுபடி நகலெடுத்து, கடைசியில் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி, அந்தப் பக்கம் ஓடவிடுவார்கள். கவுன்ட்டரில் காத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

திடீரென்று சர்வர் செத்துவிட்டால் கதை வேறு. மெமரியில் இருந்தது போய்விடும், மெய்நிகர் கணினி இன்னொரு சர்வரில் புதிதாக பூட் ஆகும். சில நிமிடத் தடங்கல். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. முதல் சர்வர் சாகாமல், நெட்வொர்க் மட்டும் அறுந்திருந்தால்? ஒரே ஃபைலில் இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்தால் டேட்டா சின்னாபின்னமாகிவிடும். அதனால்தான் சர்வர்களுக்குள் ஓட்டெடுப்பு வைக்கிறார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தால் அவர்களே பெரும்பான்மை. தனியாகிப்போன மூன்றாவது, உயிரோடு இருந்தாலும், தானே ஒதுங்க வேண்டும். இல்லையென்றால் மற்றவை அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும்.

ஆக, சர்வர் என்ற பெட்டிக்கு இனி பெரிய மதிப்பில்லை. பத்தில் ஒன்று போனால் ஒன்பது தாங்கும். ஆனால் அந்தப் பத்தும் நம்பியிருப்பது ஒரு சேமிப்பகத்தை, ஒரு நெட்வொர்க்கை. சின்னச் சின்ன ஆபத்துகளை ஒழித்த அதே ஏற்பாடு, பெரிய ஆபத்தை ஒரே இடத்தில் குவித்து வைத்திருக்கிறது.

பங்குச்சந்தை நான்கு மணி நேரம் நின்ற நாள்

2021 பிப்ரவரி 24. காலை 11.40 மணிக்கு தேசியப் பங்குச்சந்தையில் வர்த்தகம் நின்றது. திரும்பத் தொடங்கியபோது மணி 3.45. அன்று மாலை 5 மணி வரை சந்தை நீட்டிக்கப்பட்டது.

நாட்டிலேயே அதிகம் செலவு செய்து பாதுகாக்கப்படும் கணினி அமைப்புகளில் ஒன்று அது. மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் முதன்மை மையம், சில கிலோமீட்டர் தள்ளி குர்லாவில் அருகமை மீட்பு மையம், அதற்கும் மேல் சென்னையில் ஒரு பேரிடர் மீட்பு மையம். பாந்த்ராவில் எழுதப்படும் ஒவ்வொரு தகவலும் அதே நொடியில் குர்லாவிலும் எழுதப்படும். இடையில் இரண்டு வெவ்வேறு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள்.

அன்று இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளிலும் கோளாறு. வழியில் நடந்த சாலை தோண்டும் வேலைகளே காரணம் என்று பங்குச்சந்தை பின்னர் விளக்கியது. அதுவரைகூடப் பரவாயில்லை. குர்லாவோடு தொடர்பு போனால் பாந்த்ரா தனியாக ஓட வேண்டும், திட்டம் அதுதான். ஆனால் நடந்தது வேறு. முதன்மை மையத்தின் சான் சேமிப்பகமே அங்கிருந்த சர்வர்களுக்கு எட்டாமல் போனது. பழுதின்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வடிவமைப்பில் எழுதியிருந்ததோ அப்படி அது நடந்துகொள்ளவில்லை. ரிஸ்க் மேலாண்மை அமைப்பு செயலிழந்தது, வர்த்தகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் சர்வர்கள் நன்றாகவே இருந்தன. சென்னை மையம் இருந்தும் வர்த்தகம் அங்கே மாற்றப்படவில்லை. ஏன் மாற்றவில்லை என்று செபி விளக்கம் கேட்டது.

‘இரண்டு இணைப்பு இருந்ததே’ என்ற சமாதானம் எவ்வளவு பலவீனமானது என்பது திருச்சிக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக 2022 செப்டம்பரில் போக்குவரத்துக்கு மூடத் தொடங்கி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து அரசு பஸ், தனியார் பஸ் என்று எத்தனை ஓடினாலும் பாலம் ஒன்றுதானே? கைகொடுத்தது சென்னை புறவழிச்சாலையில் இருக்கும் வேறொரு பாலம். கம்பெனி இரண்டா என்பது கேள்வியே இல்லை, வழி இரண்டா என்பதே கேள்வி. தரவு மைய ஒப்பந்தங்களில் கம்பெனிகளை எண்ணிப் பார்க்கிறார்கள். பள்ளம் தோண்டும் ஜேசிபிக்கு அந்தக் கணக்கு தெரியாது.

நாவல்பட்டு எவ்வளவு தூரம்?

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த எவரும் சென்னையிலேயே எல்லாவற்றையும் வைக்கச் சொல்ல மாட்டார்கள். கடலிலிருந்து தள்ளியிருப்பது திருச்சியின் பலம். 2002-ம் ஆண்டு நில அதிர்வு வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்தில் இருக்க, திருச்சி அதைவிடக் குறைந்த ஆபத்துள்ள இரண்டாம் மண்டலத்தில் இருக்கிறது. ஒரே புயல் இரண்டையும் ஒரே நாளில் முடக்கும் வாய்ப்பு குறைவு.

ஆனால் அந்தத் தூரத்துக்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து திருச்சி சாலை வழியாக ஏறக்குறைய 330 கிலோமீட்டர். போய்த் திரும்ப 660. கேபிள் நேராகப் போனாலே 3.3 மில்லிநொடி ஆகும். சின்ன எண்தான். ஆனால் இன்றைய ஃபிளாஷ் சேமிப்பகம் ஒரு தகவலை எழுதி முடிக்க ஒரு மில்லிநொடிகூட எடுப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ‘திருச்சியிலும் எழுதியாச்சா’ என்று காத்திருந்தால் எல்லாமே பல மடங்கு மெதுவாகும். அதனால் இவ்வளவு தூரத்துக்குப் பொதுவாகச் செய்வது, இங்கே எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அங்கே அனுப்புவது. அப்படியென்றால் சென்னை திடீரென்று இருண்டால், கடைசிச் சில நொடிகளோ நிமிடங்களோ எழுதியவை திருச்சிக்கு வந்திருக்காது. எவ்வளவு நேரத்து டேட்டாவை இழக்கலாம் என்பது தொழில்நுட்ப முடிவு மட்டுமல்ல. பத்திரப்பதிவுக்கு ஒரு பதில், பொதுத் தகவல் இணையதளத்துக்கு வேறு பதில். ஒவ்வொரு துறையும் உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்ய வேண்டிய நிர்வாக விஷயம் அது.

நகல் வேறு, பேக்கப் வேறு

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். சென்னையில் ஒரு ஃபைல் தவறுதலாக அழிக்கப்பட்டால், நகலெடுக்கும் அமைப்பு திருச்சியிலும் சமர்த்தாக அழித்துவிடும். ரான்சம்வேர் சென்னை டிஸ்க்கைப் பூட்டினால், பூட்டிய டிஸ்க்தான் திருச்சிக்கும் வரும். நேற்று, போன வாரம், போன மாதம் என்று பின்னால் போய் எடுக்க முடிகிற, முதன்மை நெட்வொர்க்கிலிருந்து கை எட்டாத பிரதிக்குத்தான் பேக்கப் என்று பெயர்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டபோது, 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது. ஓபி சீட்டு முதல் லேப் ரிசல்ட் வரை ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதினார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நிர்வாகத்துக்கு ஒரு நெட்வொர்க், சேமிப்பகத்துக்கு ஒன்று, பயனாளர்களுக்கு ஒன்று என்று சுவர் எழுப்புவது இந்தத் துறையின் பாலபாடம். சுவர் இல்லாவிட்டால் வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் நுழைந்தவன் சேமிப்பகம் வரை நடந்து போகலாம். எய்ம்ஸைக் காப்பாற்றியது, பாதிக்கப்படாமல் தப்பித்த ஒரு பேக்கப் சர்வர்.

தென்கொரியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜியோன் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில், யுபிஎஸ் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. 709 அரசு அமைப்புகள் நிறுத்தப்பட்டன. அதிகாரிகள் தங்கள் அலுவல் ஆவணங்களைப் போட்டு வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்ற பொதுச் சேமிப்பகம் எரிந்துபோனது. 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே பேக்கப் எடுக்கவில்லை என்று விளக்கம் வந்தது. உலகின் முன்னணி டிஜிட்டல் அரசுகளில் ஒன்று என்று பெயரெடுத்த நாடு அது.

எல்லாரும் ஒன்றையே நம்பியிருப்பது டிஸ்க்கோடு நிற்பதில்லை, மென்பொருளிலும் அதே கதைதான். 2023 நவம்பர் 22-ல் பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. மதிப்பு சுமார் 69 பில்லியன் டாலர். அடுத்த மாதமே ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற லைசென்ஸ் விற்பனை நின்றது, எல்லாம் சந்தா என்றானது. செலவு எகிறியதாக உலகம் முழுக்கப் புகார்கள். 2007 முதல் லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம், அதை வைத்து வியன்னாவில் உருவான பிராக்ஸ்மாக்ஸ் என்று இலவச மாற்றுகள் இருக்கின்றன. ஆனால் மாறுவது சிம் கார்டு மாற்றுவது போல இல்லை. டிஸ்க் ஃபைல்களின் வடிவம், பேக்கப் மென்பொருள், நெட்வொர்க் அமைப்பு, எல்லாவற்றுக்கும் மேல் ஊழியர்களின் பழக்கம், இத்தனையும் மாற வேண்டும். ஒரு கல்லூரியோ மருத்துவமனையோ இதற்கு ஆறு மாதம் ஒதுக்கினால் அது அதிகமில்லை.

நாவல்பட்டைப் பற்றிக் கேட்க வேண்டியது எத்தனை சர்வர், எத்தனை கோடி என்பதல்ல. திறப்பு விழாக்களில் அதுதான் சொல்லப்படும். கடைசியாக எந்தத் தேதியில் எந்தச் சேவை முழுவதுமாகத் திருச்சியிலிருந்து ஓடியது, மாற எத்தனை நிமிடம் பிடித்தது என்பதுதான் கேட்க வேண்டியது. பங்குச்சந்தைகள் இதை வெளிப்படையாகவே செய்து காட்டின. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சிறப்பு வர்த்தகம் நடந்தது. காலை 9.15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்திலிருந்து, 11.30 முதல் 12.30 வரை பேரிடர் மீட்பு மையத்திலிருந்து. மே 18 அன்று இன்னொரு முறை. உண்மையான பணம், உண்மையான ஆர்டர்கள்.

அரசுச் சேவைகளுக்கும் இப்படி ஒரு சனிக்கிழமையை அறிவித்து, முடிவை வெளியிடலாம். அதில் பார்க்க வேண்டிய கட்டம், சென்னையிலிருந்து திருச்சிக்குப் போவது அல்ல. அன்று பகலில் திருச்சியில் பதிவான விண்ணப்பங்களையெல்லாம் ஒன்றுகூட விடாமல் எடுத்துக்கொண்டு, இரவு சென்னைக்குத் திரும்புவதுதான். பயிற்சிகளில் அதிகம் சொதப்புவதும் அந்தத் திரும்பும் வழியில்தான்.