மார்கழி விடியலில் பின்னிருக்கைப் பயணம்

வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைக்கென, கொட்டிவாக்கத்திலிருந்து முதிய பெற்றோரை மார்கழி விடியலில் இருசக்கர வாகனத்தில் அழைத்து வருவோரைக் காண்கிறோம். சென்னைக் குளிர் 20 டிகிரிதானே என எண்ணற்க. கிழக்குக் கடற்கரைச் சாலையின் எதிர்காற்று உடல் வெப்பத்தைப் பறிக்கும். இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் உயரும்; ஆஸ்துமா உள்ளோர்க்கு மூச்சுக்குழாய் இறுகும்; இதய நோயாளிக்கு நெஞ்சுவலி வரலாம்.

கம்பளிச் சட்டையின் இழைகளினூடே காற்று புகும். ஆகவே அதன்மேல் மழைக்கோட்டு அணிவியுங்கள். முகக்கவசமும் உதவும். தடித்த குல்லாயின் மேல் தலைக்கவசம் பொருந்தாது. மெல்லிய பருத்தித் துணி போதும்.

ஆயினும், இந்த விடியற்பயணமே தேவையற்றது என்பது எங்கள் கருத்து. இப்பரிசோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் உண்ணாதிருந்தால் போதும். இரவு உணவைச் சற்றே தாமதித்து, வெயில் ஏறியபின் வாருங்கள். வழியில் நெஞ்சு இறுகினால் வண்டியை நிறுத்தி, 108-ஐ அழையுங்கள்.