இரண்டு நாள் கோபம்

2023 ஜூன் 12ஆம் தேதி தொடங்கி இரண்டு நாள், ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் 8,000க்கும் மேற்பட்ட குழுக்கள் கதவைச் சாத்திக்கொண்டன. நாமும் அந்த இரண்டு நாள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டோம்.

ஆண்ட்ராய்டில் ரெட்டிட்டின் சொந்தச் செயலி வந்ததே 2016இல்தான். அதுவரை அந்தக் கைப்பேசிகளில் நமக்குத் தளத்தைப் படிக்கக் கொடுத்தவர்கள் வெளியாட்கள். ரெட்டிட் இஸ் ஃபன், சிங்க், பேக்கன்ரீடர் என்று பல செயலிகள் இருந்தன. பிறகு ஐபோனில் கிறிஸ்டியன் செலிக்கின் அப்போலோ வந்தது. இவர்கள் எல்லோரும் தளத்தின் ஏபிஐ என்ற தரவு வாசல் வழியாகப் பதிவுகளை எடுத்து, கண்ணுக்கு இதமாக அடுக்கித் தந்தார்கள். யார் உழைப்பில், யார் செலவில் இது ஓடுகிறது என்று நாம் ஒரு நாளும் கேட்கவில்லை. நான் வைத்திருந்த செயலிக்குக் காசு கட்டி வாங்கும் பதிப்பும் இருந்தது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டேன்.

2023இல் அந்த ஏபிஐக்கு, ஐந்து கோடி அழைப்புகளுக்கு 12,000 டாலர் என்று ரெட்டிட் கட்டணம் வைத்தது. அதை எதிர்த்துத்தான் அந்த இரண்டு நாள் கதவடைப்பு. தன் செயலிக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் ஆகும் என்று செலிக் கணக்குச் சொன்னார். ஜூன் 30இல் அப்போலோ நின்றது. நாம் இரங்கல் எழுதிவிட்டு அடுத்த செயலியை இறக்கிக்கொண்டோம்.

என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. அந்த நாட்களில்தான் பார்வையற்றவர்களின் குழு எழுதியதை முதன்முறையாகப் படித்தேன். ரெட்டிட்டின் சொந்தச் செயலி, திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பானோடு சரியாக ஒத்துப்போகவில்லை. குழுவை நடத்தும் பார்வையற்ற மட்டுறுத்துநர்களால் அதில் தங்கள் வேலையைப் பார்க்க முடியவில்லை. வெளியாட்களின் செயலிகளை நாம் வசதிக்காக வைத்திருந்தோம். பார்வையற்றவர்களுக்கு உள்ளே வர அவைதான் வழி. பேசிப் போராடிய பிறகு ரெட்ரீடர், டிஸ்டோபியா போன்ற சிலவற்றுக்குக் கட்டண விலக்கு கிடைத்தது. இத்தனை வருஷம் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தும், பக்கத்தில் இருப்பவர் எப்படிப் படிக்கிறார் என்று நாம் கேட்டதில்லை. எத்தனையோ படங்களைப் போட்டு ‘இதைப் பாருங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்ததில்லை.

போன மாதம் திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு விவாதத்தைப் படிக்க உட்கார்ந்தேன். ஐந்தாறு மறுமொழிகளுக்குள் யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது குழம்பிப்போனது. கண்ணைத் திறந்துவிட்டேன். என்னால் அது முடிந்தது.

ரெட்ரீடரின் நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்; அவர்கள் அதை மேம்படுத்த உதவலாம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. படம் போட்டால் கீழே ஒரு வரி எழுதத் தொடங்கியிருக்கிறேன்.